ருமேனியா ரிங்டோன்

போன் ஸ்பீக்கர் கரகரக்கிறதே என்று இன்று கல்முனையில் ஒரு திருத்தும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன், எங்கள் பக்கத்துப் பேச்சில் காக்கா, புதிது மாற்றிவிட்டு, "ஏதும் பாட்டுப் போட்டுப் பாருங்க தம்பி" என்றார்.

காலையில்தான் யூடியூபில் ஒரு இசைக்குழு அகப்பட்டிருந்தது. ஐரோப்பாவின் ரோமானி மக்களுடைய நாட்டுப்பாட்டைப் பங்க் இசையோடு கலந்து அடிக்கிறார்கள். வயலின் ஓடுகிறது, டிரம்ஸ் துரத்துகிறது, ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான்.

போட்டேன்.

காக்காவின் முகம் சுருங்கியது. "இன்னும் கரகரக்குதே!"

"இல்ல காக்கா, அவன் பாடுறதே அப்பிடித்தான். இது ரோமானிப் பாட்டு."

"ருமேனியாப் பாட்டா? என்ட பாஸ்போட்டும் ருமேனியா வேலைக்கெண்டுதானே ஏஜென்சியில கெடக்கு!"

ரோமானி என்பது ஒரு மக்களின் பெயர், நாடு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "என்ன சொல்லிப் பாடுறாங்க?" என்றார்.

பிறந்த மண்ணிலேயே எங்களை வெளியே போகச் சொல்கிறார்கள் என்பதுதான் பாட்டு.

"வாங்க வாங்க எண்டு பாடுறாங்க காக்கா."

உடனே தன் போனுக்கு வாங்கி, ஏஜென்சி நம்பருக்கு மட்டும் அதை ரிங்டோனாக வைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏஜென்சிக்காரன் கடைசியா எப்ப கோல் எடுத்தான்?"

"நோன்புக்கு முந்தி. இப்ப ஓபிசும் பூட்டிக் கெடக்காம்."

பங்க் இசை பிடிக்காதவர்கள் பயப்படாமல் அந்தக் கடைக்குப் போகலாம். அந்த ரிங்டோன் அடிக்கப் போவதில்லை.