ஜெப மேஜையில் கவலைப்பட அனுமதியில்லை

ஜெப விண்ணப்பம் எழுதிக்கொள்கிறவளுக்கும் டாக்டருக்கும் ஒரே வித்தியாசம்தான்: என்னிடம் வருகிறவர்கள் மருந்தையும் அவர்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். டெல்லி ஜனக்புரியில் வாடகை ஹாலில் கூடும் எங்கள் தமிழ்ச் சபையில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நோட்டோடு உட்காருவது இரண்டு வருஷமாக என் ஊழியம். மற்ற நாளில் எம்.ஏ. படிக்கிறேன், அங்கே எதிர்த்துப் பேசினால் மார்க்காவது தருவார்கள். இப்படிப்பட்ட மேஜையில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவர்களே, என் பொருமலைக் கேளுங்கள்.

செவ்வாய்க்குள்

மகனுக்குக் கனடா விசா வேண்டுமென்று ஒருவர் வந்தார். "செவ்வாய்க்கிழமைக்குள்ளன்னு எழுதும்மா. அடிக்கோடு போடு" என்றார். ஆண்டவருக்கே கெடு வைக்கலாமா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"டெல்லியில ஜல்தின்னு சொல்லாம எந்த ஃபைல்மா நகர்ந்திருக்கு?"

கவுன்டர் ஒழுக்கம்

அம்மாவுக்கு மார்பில் கட்டி. பயாப்ஸி எடுத்து ஒன்பது நாளாகிறது, ரிப்போர்ட் நாளைக்கு. இன்று காலை அடுத்தவர் விண்ணப்பத்தை எழுதும்போது அவர் பெயருக்குப் பதில் அம்மா பெயரை எழுதிவிட்டேன். கமிட்டி அங்கிள் பார்த்துவிட்டார். மத்திய அரசு ஆபீசில் ரிட்டயரானவர். நோட்டை ஃபைல் மாதிரி புரட்டினார். விஷயத்தைச் சொன்னேன். "விசுவாசம் இருந்தா கவலை வராதே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவலையே வராதவனுக்கு ஜெபம் எதற்கு? "இயேசுவே கண்ணீர் விட்டாரே, அங்கிள்!" என்றேன்.

"அச்சா, சரிதான் பேட்டா. ஆனா அவர் கவுன்டர்ல உக்காந்து அழலையே."

மரியாதை இல்லாத ஜெபம்

கடைசியாக செல்வி அக்கா வந்தார். வீட்டுவேலை செய்கிறவர். போன வருஷம் புல்டோசர் அவர் குடிசையை இடித்தது. இப்போது ஊர்க்கோடியிலிருந்து பஸ், மெட்ரோ என்று மாறி மாறி வருகிறார். என் முகத்தைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டு, "உனக்கு என்ன பாப்பா?" என்றார். இரண்டு வருஷத்தில் அந்த மேஜையில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. சொன்னேன். "நீ ஜெபம் பண்ணு, நான் ஆமென் சொல்றேன்" என்றார்.

கண்ணை மூடினேன். சபையில் பேசுகிற நல்ல தமிழில் ஒரு சொல்கூட வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, பயமா இருக்கு. பயப்படாதேன்னு எல்லாரும் என்னை அதட்டறாங்க, நீங்களும் சும்மா பாத்துட்டிருக்கீங்க. அம்மாவை விட்டுடாதீங்க. என்னையும் விட்டுட்டுப் போயிடாதீங்க!" பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் நிறுத்தினேன். ரிப்போர்ட் நல்லபடியாக வரும் என்று யாரும் மனசுக்குள் வந்து சொல்லவில்லை. இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர் எழுந்து போகாமல் இருக்கிறார், அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் அக்கா வாயைப் பிளந்து நிற்கிறார். அவர் சொன்னதைக் கேட்டு ஒன்பது நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

"வீட்டை இடிச்சப்போகூட நான் 'கிருபையுள்ள தகப்பனே'ன்னு மரியாதையாத்தான் கேட்டுட்டிருந்தேன், இப்படிச் சண்டை போடலாம்னு ஒருத்தரும் சொல்லலையே பாப்பா!"

பயமும் சமாதானமும் ஒரே வயிற்றில் இருக்க முடியாது என்று யார் சொன்னாலும் வாதாடத் தயார்: இரண்டும் இப்போது என் வயிற்றில், சபையில் போட்ட நான்கு பூரியோடு, பத்திரமாக இருக்கின்றன.