எலிபெண்டாவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

கப்பலில் வேலை பார்த்த மாமா ஒரு பட அட்டை அனுப்பியிருந்தார். ஏதோ வெளிநாட்டு ஊர். தெருவெல்லாம் தண்ணீர், வீட்டுக்கு வீடு படகு, சுற்றிலும் தீவுகள். மழைக்காலத்தில் தாராவியில் எங்கள் தெருவும் அப்படித்தான் இருக்கும். அதை யாரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஊருக்குப் போகவேண்டும் என்று நான் அழுததில், "இங்கயே ஒரு தீவு கெடக்கு, ஞாயித்துக்கெழம காட்டுதேன்" என்றார் அப்பா. எனக்காகத்தான் போகிறோம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது அக்காவைப் பெண் பார்க்கிற பயணம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடும் ஷாப். முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தியபடி டீ குடித்துவிட்டுப் போனார்கள், பதிலே வரவில்லை. அதனால் அப்பா இந்தத் தடவை கடல்காற்றை நம்பினார். மாப்பிள்ளை வீட்டாரையும் தீவுக்குப் போகிற அதே லாஞ்சுப் படகுக்கு வரச் சொல்லியிருந்தார். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று, வாயைத் திறக்கக்கூடாது. நானோ சும்மாவே வாய் திறக்காத பிள்ளை.

லாஞ்சில் எங்களுக்கு எதிரே செம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாவும் அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு பக்கத்துத் தண்ணீரைப் பார்த்தாள். அந்த மகன் மறுபக்கத்துத் தண்ணீரைப் பார்த்தார். நடுக்கடலில் வாந்தி எடுத்த என் தலையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டது அந்த அம்மாதான்.

"என்னட்டி, கடல் நாத்தம் ஒத்துக்கலியா?"

அன்பாகக் கேட்டதில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "எங்க வீட்டுப் பின்னால இதவிட நாறும். தோல் ஷாப்பு. அங்கன எனக்கு வாந்தியே வராது."

அப்பா கடலைப் பார்த்தார். என் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அக்காவின் தலை மடிவரைக்கும் குனிந்துவிட்டது.

"இதுக்குத்தான் எங்கள நடுக்கடலுக்குக் கூட்டியாந்தியளாக்கும்" என்றார் அந்த அம்மா, அப்பாவிடம். "செம்பூர்ல மட்டும் என்ன சந்தனமா மணக்குது? காத்து திரும்பிச்சுன்னா ஆலை கேஸு நாத்தத்துல கண்ணு எரியும்ணே."

"பழகிரும்" என்றார் மகன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் நிமிர்ந்து பார்த்தது அக்கா.

தீவில் தண்ணீர்த் தெருவைத் தேடினேன். மலையும் குகையும் குரங்கும்தான் இருந்தன. பெரிய பெரிய கல்சாமிகளை எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

திரும்பும்போது அந்த அம்மா தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அக்காவுக்கு வைத்துவிட்டார். எனக்கும் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு துணுக்குக் கொடுத்தார்.

பூவை மாற்றிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் வீடுவரை அக்காவை நச்சரித்தேன். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிற அக்கா அன்று கொண்டையைக் கையால் மூடிக்கொண்டு, தரமாட்டேன் என்றாள். வாடிப்போன பூவுக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை.