சீட்டுப் பணம் வருமானமா?

வில்லேஜ் ஆபீஸில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா இல்லை, அவர் போனதால்தான் விதவை பென்ஷனுக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தோம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எதையும் மறைக்கக் கூடாதென்று, கிழக்கேகோட்டை ஹோட்டலில் அம்மா பாத்திரம் கழுவும் கூலியோடு, அந்த வருடம் கிடைத்த சீட்டுப் பணத்தையும் விண்ணப்பத்தில் வருமானமாக எழுதியிருந்தேன்.

அங்கிருந்த பெண் அதிகாரிக்கு நரைத்த தலை, மலையாளம் கலந்த தமிழ். கேள்வி கேட்கும்போதெல்லாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆளையே பார்ப்பார்.

“இத்தனை காட்டினா பென்ஷன் கிட்டாது, மோனே. இந்தச் சிட்டிக்கு, சீட்டுக்கு, மாசா மாசம் காசு அடைச்சது யாரு?”

“நான்தான் மேடம். கூலியில மிச்சம் பிடிச்சுக் கட்டினேன்” என்றாள் அம்மா.

“கூலியை எழுதியாச்சு. அதே காசைப் பின்னையும் எழுதணுமா? மோன் அம்மாவைப் பணக்காரி ஆக்கிட்டானே.”

பக்கத்து மேஜைக்காரர்கூடச் சிரித்தார். கூலியையும் கொஞ்சம் குறைத்து எழுதட்டுமா என்று கேட்டேன்.

“அது வேண்டா. உள்ளதை எழுது.”

அந்த அதிகாரி தாளை வாங்கி, வருமானம் அதிகம் என்று அப்படியே தள்ளியிருக்கலாம். அவருக்கு ஏன் கேட்கத் தோன்றியது என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். அம்மாவுக்கு இப்போது பென்ஷன் வருகிறது. அன்று எங்களுக்கு ஆன செலவு, திருத்தி எழுத வாங்கிய தாளுக்கு இரண்டு ரூபாய்.