பாதிக் காட்டில் மட்டும் விதைத்தோம்

மழை! காரியாபட்டிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் நல்ல மழை! தலைகூடத் துவட்டாமல் இதை எழுதுகிறேன்.

போன வாரம் வீட்டில் ஒரே வாக்குவாதம். காய்ந்த மண்ணிலேயே மக்காச்சோளத்தை விதைத்து வைத்தால், முதல் மழையிலேயே முளைத்துவிடும். மழை ஏமாற்றினால் விதையெல்லாம் எறும்புக்கும் மயிலுக்கும்தான். போன வருடம் அப்படித்தான் போனது. இந்த வருடம் எப்படியென்று செல்போனுக்கும் தெரியவில்லை, ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் என் மனைவி செல்விதான் சொன்னாள்.

"பாதிக் காட்டுல போடுவோங்க. மழை வந்தா பாதியாச்சும் முளைக்கும். வரலேன்னா மிச்ச விதை கையில இருக்கும்ல."

அப்படியே செய்தோம்.

இன்று மதியம் மழை பிடித்ததும் இருவரும் காட்டுக்கு ஓடினோம். விதைத்த இடமெல்லாம் மண் குளிர்ந்து கிடந்தது. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"முழுசும் போட்டிருக்கலாமே புள்ள!" என்றேன்.

முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டு விவரத்தப் போன வாரமே சொல்லியிருந்தா போட்டிருக்கலாம்ங்க!"

நீங்களாக இருந்தால் போன வாரம் என்ன செய்திருப்பீர்கள்? இன்று மழை பெய்ததை மறந்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.