பேரை எழுதிக்கோங்க

இன்று காலை எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலை பிரிக்க எல்லாரும் கூடும் பெரட்டில், புதுத் துரை சொன்னார்: "புதுசா யோசிங்க. பயப்படாம சொல்லுங்க."

கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா கையைத் தூக்கினார். "மழை நாள்ல கொழுந்து நிறுக்குற தராச மேல் ரோட்டுக்கே கொண்டாந்தா, வழுக்குற படியில எறங்க வேணாங்க தொரை."

துரைக்கு ஒரே சந்தோஷம். கங்காணியிடம் திரும்பினார். "இவங்க பேரை எழுதிக்கோங்க."

அவ்வளவுதான். பெரட்டில் பேர் எழுதினால் அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் எங்கள் தோட்டத்தில் அர்த்தம். பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

என்னிடமும் ஒரு யோசனை இருந்தது. விழுங்கிவிட்டேன்.

அப்புறம் ஆபீசில் கேட்டுவிட்டு செல்வி அக்காவிடம் ஓடினேன். "பரிசு குடுக்கத்தான் எழுதினாங்களாம்க்கா."

"மொதல்ல அந்தப் பேரை அழிக்கச் சொல்லு தம்பி. பரிசெல்லாம் பெறகு."

இப்போது பண்டாரவளை பஸ்ஸில் இருந்தபடி இதைப் போடுகிறேன்; இருப்புக்கொள்ளவில்லை. என் யோசனையை நாளைப் பெரட்டில் சொல்லிவிடவா?

பதில் போடுங்கள். என் பேரை மட்டும் எழுதாதீர்கள்.