அஞ்சலை அக்கா போட்ட கூறு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அஞ்சலை அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது டீக்கடைக்கு எதிர்ச்சுவரில் இருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அதில் அக்காவின் படம் தபால்தலை அளவு. பழைய ஊர்த்தலைவரின் படம் ஆளுயரம். "ஏரியைச் சுத்தம் செய்த எங்கள் தலைவருக்குத் துணைநின்ற அம்மையார்" என்று போட்டிருந்தார்கள். துணையா? அன்று கரையில் நின்றவர்களே, உங்களுக்காவது சிரிப்பு வந்ததா?

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள், டயர்களைக் கொளுத்தினார்கள். கோரிக்கை எனக்கும் உரியதுதான். இரண்டு பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்தவன் நான். சாலையைத் திறந்தபோது மரம், டயர், உடைந்த தட்டி எல்லாவற்றையும் பக்கத்து ஏரிக்குள் உருட்டிவிட்டார்கள். வெட்டியவர்களும் உருட்டினார்கள், திறக்க வந்தவர்களும் உருட்டினார்கள். பிறகு கல்வராயன் மலையில் நல்ல மழை. தண்ணீர் ஏறி எல்லாவற்றையும் மூடியது.

அந்த ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன்குஞ்சு விட்டிருந்தவர்கள் அக்காவும் அவரோடிருந்த மீனவர் குடும்பங்களும். இறக்கிய வலையெல்லாம் கிளைகளில் மாட்டிக் கிழிந்தது. அந்தப் பருவம் கைவிட்டுப் போனால் ஊரைவிட்டே போகவேண்டிய நிலை. தலைவரிடம் முறையிட்டார்கள்.

"கோடையில ஏரி வத்தட்டும், பாத்துக்கலாம்" என்றார் அவர்.

"ஏரி வத்துனா மீனு கருவாடுங்க. அத்தயும் நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா.

மறுநாள் அவர்களே இறங்கினார்கள். ஆண்கள் முங்கி, மரங்களில் கயிறு கட்டினார்கள். பெண்கள் கரையிலிருந்து இழுத்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை அக்கா விடவில்லை. "இன்னா தம்பி, படிச்சா கை மரத்துப்பூடுமா? வந்து கயித்தப் புடி." பிடித்தேன். அன்றிலிருந்து போராட்டத்தில் இருந்த என் பக்கத்தார் என்னைத் துரோகி என்றார்கள். இன்னார் இன்னார் சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் ஊரில் பருவத்தின் முதல் வலை ஊருக்கு. மீனைத் தெருவுக்கு ஒரு கூறாகக் கரையில் குவித்து வைப்பார்கள். கூறை எடுக்காத தெருவுக்கு அந்த வருஷம் ஏரியில் பாத்தியதை இல்லை. குப்பையெல்லாம் கரையேறியதும், முதல் வலைக் கூறு என்று அக்கா தமுக்கடிக்கச் சொன்னார். ஊரே கூடை, அன்னக்கூடைகளோடு வந்து நின்றது. கரையில் வரிசையாகக் கூறுகள் இருந்தன. எல்லாம் புளியங்கிளை, கருகிய டயர், கிழிந்த தட்டி. தலைவருக்குத் தனியாக ஒரு பெரிய கூறு.

"இன்னாம்மா இது? மீனு எங்க?" என்றார் தலைவர்.

"மீனு தண்ணிக்குள்ள பத்திரமா கீதுங்க. வலைல மொதல்ல வந்தது இதுதான். ஒங்க கூறு ஜாஸ்தியா வச்சிகீறேன், கோச்சிக்காதீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு கரை முழுக்கச் சிரித்தது. மரம் வெட்டிய இளைஞர்கள்தான் முதலில் குனிந்து தூக்கினார்கள். மீன் உரிமையை விட்டுக்கொடுக்க எந்தத் தெருவுக்கும் மனமில்லை. கடைசியில் தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டயரைத் தோளில் மாட்டினார். பொழுது சாய்வதற்குள் கரை துப்புரவானது. அடுத்த வலையில் கெண்டைகள் துள்ளிய துள்ளலில் இழுத்தவர்கள் முகமெல்லாம் தண்ணீர். போராட்டம் அதன்பிறகும் நடந்தது, மரங்களும் விழுந்தன. ஏரிக்குள் மட்டும் ஒரு குச்சிகூட விழவில்லை.

அந்த டயரைச் சுமந்ததற்குத்தான் பின்னாளில் தலைவருக்குப் பாராட்டு விழா நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை, அக்காவுக்கும் இல்லை. அக்காவிடம் போய்ப் பொருமினேன். அவர் சொன்னார்: "மால அவரு கழுத்துல, ஏரி நம்ம கையில. எது தம்பி கனம்?"

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான். பதில் தெரிந்தும் இத்தனை வருஷம் மாலையையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

இதை அச்சடித்து ஏரி மதகுச் சுவரில் ஒட்டப் போகிறேன். அக்காவின் படம் பெரிதாக, தனியாக இருக்கும். கீழே யார் பெயரைப் போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். கூறு போடுகிறவர் அதில் பெயர் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை.