அவார்டு படத்தில் அத்தாயி

மேட்டூரில் ஒரு கெமிக்கல் பேக்டரியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த அருணகிரிக்குச் சினிமாவைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. இரவு ஷிப்டு முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். இவன் சேலம் பஸ் ஏறிக் காலைக் காட்சிக்குப் போய்விடுவான். தூக்கம் சொக்கும் கண்ணோடு பார்த்தாலும் ஒன்றும் தப்பாது. போன காட்சியில் இடப்பக்கம் விழுந்த நிழல் அடுத்த காட்சியில் வலப்பக்கம் விழுந்ததை மறுநாள் கேன்டீனில் உட்கார்ந்து சொல்லுவான். அழுகிற கதாநாயகியின் முகத்தில் பவுடர் கலையவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்படுவான். பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

"நம்ம சனங்களப் பத்தி நெசமா ஒரு படம் எடுக்கட்டும், கொட்டகை தாங்காது பாத்துக்கங்க" என்பான். அதை அவன் நம்பினான். படம் எடுக்கிறவர்களுக்குத்தான் துணிச்சல் இல்லை, பார்க்கிறவர்கள் தயாராக இருக்கிறார்கள் என்பது அவன் கட்சி.

அவன் மனைவி அத்தாயிக்குச் சினிமாவே ஆகாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை கூட்டிப்போனான். பாதிப் படத்திலேயே, "ஏனுங்க, புருசன் செத்துக் கெடக்கறான், அந்தம்மா யாரப் பாத்துப் பேசுது? ஊட்டுக்குப் போலாம் வாங்க, ஆடு கட்டாமக் கெடக்குது" என்று எழுந்துவிட்டாள்.

அவர்கள் வீடு அணைத் தண்ணீருக்குப் பக்கத்தில், கொளத்தூர் போகிற வழியில் இருந்தது. கோடையில் தண்ணீர் பின்வாங்கும்போது வெளியே தெரிகிற வண்டல் நிலத்தில் அக்கம்பக்கத்தார் கடலை, கம்பு போடுவார்கள். அத்தாயியும் போடுவாள். தண்ணீர் திரும்பி ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சில வருஷம் எடுக்க முடியாது.

எழுபத்தேழாம் வருஷம் ஒரு சினிமாக் கம்பெனி அங்கே வந்து இறங்கியது. அணைக்குள் வெள்ளாமை வைத்த ஒரு குடும்பம், காய் முற்றும் முன்பே தண்ணீர் ஏறி வருகிறது, அதுதான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அருணகிரிக்குத் தலைகால் புரியவில்லை. லீவு போட்டுவிட்டு அவர்கள் கூடவே அலைந்தான். மேகம் விலகுவதற்காக மொத்தக் கூட்டமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும், நாலு விநாடிக் காட்சிக்குக் காலை முழுக்கப் போவதையும் பார்த்து, இனிமேல் எந்தப் படத்தையும் கேலி பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கும் நடிக்க ஆசை. டைரக்டர் அவனை நடக்கச் சொன்னார், பேசச் சொன்னார். பார்த்துவிட்டு, "நிறையப் படம் பார்ப்பீங்களோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க, ஒண்ணு உடமாட்டேன்."

"அதான் தெரியுது" என்றார் டைரக்டர்.

அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த அத்தாயி ஓரமாக நின்று சிரித்துவிட்டாள். டைரக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒரு காட்சியில் அவளையே நடிக்கச் சொன்னார்.

தண்ணீரோரம் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு இரண்டு வரி பேச வேண்டும், அவ்வளவுதான். உதவி டைரக்டர் வசனத்தைப் படித்துக் காட்டினார். "எங்க உழைப்பெல்லாம் தண்ணியோட போயிடுச்சே" என்று இருந்தது.

"இப்பிடி யாருங்க பேசுவாங்க?" என்றாள் அத்தாயி.

"நீங்க எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க" என்றார் டைரக்டர்.

அவள் செடியைப் பிடுங்கினாள். காயைக் கட்டைவிரலால் நசுக்கினாள். வெறும் நீர்தான் வந்தது. தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "பாலுகூட ஏறலியே. இன்னொரு மாசம் பொறுக்கக் கூடாதா நீயி?" அழவில்லை. வெள்ளாமைக் காட்டுக்குள் புகுந்த பக்கத்து வீட்டு ஆட்டை அதட்டுகிற குரல்தான். அந்தக் குரலில்தான் எல்லாம் இருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவு டேப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கூடத் தலை தூக்கிப் பார்த்தார்.

அருணகிரிக்கு முதலில் பொறாமையாக இருந்தது. அப்புறம் கூச்சமாக இருந்தது. எத்தனையோ படம் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தது தன் வீட்டு அடுப்படியில் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்திருக்கிறது என்று தோன்றியது.

"எப்பிடி புள்ள அப்பிடிப் பேசுன?"

"கடலயப் பாத்தேன், பேசுனேன். இதுக்கு எதுக்குங்க இத்தன பேரு?"

இரண்டு வருஷம் கழித்து அந்தப் படத்துக்கு டில்லியில் விருது கிடைத்ததாகப் பேப்பரில் வந்தது. அருணகிரி கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். படம் மட்டும் வரவில்லை. சேலத்தில் ஒரு விநியோகஸ்தரைப் போய்ப் பார்த்தான். தீர்த்தகிரி என்று பெயர். நல்ல மனுஷர், உட்கார வைத்துப் பேசினார்.

"அவார்டு வாங்குன படத்த அலமாரியில வெச்சுப் பாக்கோணுந் தம்பி. கொட்டகையில போட்டா ஆபரேட்டரே தூங்கிருவான்."

"சனங்க வருவாங்க. நீங்க ஒருக்காப் போட்டுப் பாருங்க."

"மெட்ராசுல நாலு நாள் காலைக் காட்சி ஓடுச்சாம். அங்கயே சனம் வரல."

அடுத்த மழைக்காலத்தில் அத்தாயிக்கு மஞ்சக்காமாலை கண்டது. நாட்டு மருந்தும் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியும் பார்த்தார்கள். தை பிறப்பதற்குள் போய்விட்டாள். மகள் மாரியாயிக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் அத்தாயியின் போட்டோ ஒன்றுதான் இருந்தது. யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்தது, அதிலும் முன்னால் நின்றவரின் தோள் பாதி முகத்தை மறைத்திருந்தது. மாலை போடக்கூட அது உதவவில்லை.

அதற்குப் பிறகு அருணகிரிக்கு அந்தப் படம் ஒன்றுதான் நினைப்பு. பிரிண்டு டில்லியில் இருக்கிறது என்றார் ஒருவர். வெளிநாட்டு விழாவுக்குப் போய் வரவேயில்லை என்றார் இன்னொருவர். வருஷங்கள் அப்படியே போயின.

எண்பத்தாறில் பேக்டரி மனமகிழ் மன்றத்தில் டி.வி. வைத்திருந்தார்கள். ஞாயிறு மதியம் ஏதாவது ஒரு மொழியின் விருதுப் படம் போடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமைப் பேப்பரில் அந்தப் படத்தின் பெயரைப் பார்த்த அருணகிரி அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஷிப்டில் எல்லாரிடமும் சொன்னான். குடும்பத்தோடு வந்தார்கள், ஹால் நிறைந்துவிட்டது. மாரியாயிக்குப் பாவாடை சட்டை புதிதாகப் போட்டுக் கூட்டிவந்தான்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் எல்லாரும் அணைக்கட்டை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் நெளிய ஆரம்பித்தார்கள். "என்னங்க, பாட்டே காணாம்?" என்றது ஒரு குரல். ஒரு கூட்டம் டீ குடிக்க எழுந்து போனது, திரும்பவில்லை. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அருணகிரி திரும்பிப் பார்க்கவே இல்லை. நாற்காலிகள் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தாயி வந்தாள். அதே நடை, இடது காலைச் சற்றே வீசிப் போடுகிற நடை. குனிந்தாள். செடியைப் பிடுங்கினாள். கட்டைவிரல் காயை நசுக்கியது. அவள் வாயைத் திறந்தாள்.

வேறு யாரோ பேசினார்கள்.

வார்த்தைகள் அவள் சொன்னவைதான். குரல் பட்டணத்துக் குரல், கனத்து, பண்பட்டு, கடைசியில் ஒரு விம்மலோடு உடைந்தது. அத்தாயியின் முகம் விம்மவில்லை, குரல் மட்டும் விம்மியது. மறு நிமிஷம் வேறு காட்சி வந்துவிட்டது.

மாரியாயி அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அப்பா, அம்மாவோட குரலு எத்தன நல்லாருக்குது."

"ஆமா சாமி" என்றான் அருணகிரி.

அந்த மாதமே சென்னைக்குப் போய், விசாரித்து விசாரித்து, அன்று டேப் பெட்டியோடு இருந்தவரைக் கண்டுபிடித்தான். அவருக்கு நினைவிருந்தது.

"அந்தம்மாவா? அருமையான குரலாச்சே. ஆனா ஒரே காத்து இரைச்சல். அதுவுமில்லாம வெளியூர்க்காரங்களுக்குப் பேச்சு புரியணுமேன்னு எல்லாத்தையும் இங்க வந்து டப்பிங் பண்ணிட்டாங்க. படத்துல வர்ற அத்தனை பொம்பளைக்கும் ஒரே அம்மாதான் பேசினாங்க."

"அன்னிக்கு நீங்க எடுத்தது இருக்குமுங்களா?"

"அது டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டும் எடுக்கறது. வேலை முடிஞ்சதும் அதே டேப்புல அடுத்த படத்தை எடுத்துடுவோம். முன்னால இருந்தது அழிஞ்சிடும்."

"கொஞ்சங்கூடவா மிச்சம் இருக்காது?"

அவர் டீக் கிளாசை அவன் பக்கம் நகர்த்தினார். எதற்காகக் கேட்கிறான் என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

மாரியாயி அந்த இரண்டு வரியை மனப்பாடம் பண்ணிவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் பேசிக் காட்டுவாள், கடைசி விம்மல் உட்பட. "அம்மாளாட்டமே பேசுது" என்று அத்தாயியைப் பார்த்தேயிராதவர்கள் சொல்லுவார்கள். அருணகிரி வெளியே போய் நிற்பான். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு இருக்கிற அம்மா அது ஒன்றுதான்.

சேலம் போவதை நிறுத்திவிட்டான். கேன்டீனில் சினிமாப் பேச்சு வந்தால் எழுந்துவிடுவான். பாய்லர் இரைகிறபோது அதற்கு நடுவில் நின்றுகொண்டு, அத்தாயி எப்படிப் பேசுவாள் என்று நினைத்துப் பார்ப்பான். சோற்றுக்குக் கூப்பிட்டது, ஆட்டை விரட்டியது, காய்ச்சலில் தண்ணீர் கேட்டது. வார்த்தைகள் வரிசையாக வந்தன. எதை நினைத்தாலும் அந்தப் பட்டணத்துக் குரலில்தான் வந்தது. கொஞ்ச நாளில் நினைத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டான்.